மூன்றில் ஒரு முறை கேட்கும் குரல்

பண்ருட்டி மண்டிக்குப் பலா வாங்க வரும் வியாபாரி குவியலில் உள்ள அத்தனை பழத்தையும் அறுத்துப் பார்ப்பதில்லை. நாலைந்தைத் தட்டிப் பார்த்து மொத்தத்துக்கும் விலை பேசிவிடுகிறார். இயந்திரக் கற்றலுக்கு வேகம் வந்ததும் இப்படித்தான். கோடிக்கணக்கான தரவுகளையும் அலசி முடித்துப் பிழையைத் திருத்துவதற்குப் பதில், கைக்கு வந்த சிலவற்றைப் பார்த்ததுமே கணினி ஓரடி நகர்கிறது. 1951-இல் ஹெர்பர்ட் ராபின்ஸும் சட்டன் மன்றோவும் எழுதிய புள்ளியியல் கட்டுரைதான் இதற்கு வேர்.

சிலவற்றை மட்டும் பார்த்தால் கணிப்பு தடுமாறும். 2013-இல் ரீ ஜான்சனும் டாங் ஜாங்கும், அவ்வப்போது முழுத் தரவையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு தடுமாற்றத்தைக் குறைத்தார்கள். ஆனால் உலகெங்கும் பரவியது 2014-இல் வந்த ‘ஆடம்’ முறை. தரவு ஒவ்வொரு முறையும் தரும் உந்துதல்கள் அண்மைக் காலத்தில் எவ்வளவு பெரியவை என்று கணக்கு வைத்து, அந்த அளவால் ஒவ்வோர் அடியையும் அது வகுக்கிறது. பழையவற்றை மெல்ல மறந்துவிடுகிறது.

அந்த மறதியில்தான் சிக்கல். சஷாங்க் ரெட்டி, சத்யேன் காலே, சஞ்சீவ் குமார் ஆகிய மூவர் 2018-இல் அதை ஓர் எளிய கணக்கால் காட்டினார்கள். ஓர் எண், கழித்தல் 1-க்கும் கூட்டல் 1-க்கும் இடையில் நகரலாம். இருமுறை வலப்பக்கம் 1 அளவு உந்துதல், மூன்றாம் முறை இடப்பக்கம் 10 அளவு உந்துதல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் இடப்பக்கமே சரி. நினைவு மிகக் குறுகியதாக இருந்தால், 10 வரும்போது வகுக்கும் எண்ணும் ஏறத்தாழ 10 ஆகி, அடி 1 ஆகச் சுருங்குகிறது. அடுத்த கணமே அது மறந்துபோவதால் சின்ன உந்துதல்கள் அநேகமாகக் குறையாமல் நிற்கின்றன. இரண்டு சேர்ந்து ஒன்றை வென்றுவிட, ஆடம் மிக மோசமான முனையில் போய் அமர்கிறது!

அவர்கள் சொன்ன திருத்தம் சிறியது: வகுக்கும் எண் ஒருமுறை ஏறினால் இறங்கக் கூடாது. இப்போது பெரிய அடி 1, சிறியவை பத்தில் ஒன்று. வழி நேராகிறது. வான்கூவரில் நடந்த இயந்திரக் கற்றல் மாநாட்டில் சிறந்த கட்டுரைகளுள் ஒன்றாக அவர்களின் கட்டுரை தேர்வானது.

அந்த மூன்றாம் உந்துதலைப் போலவே, பல மொழிகள் கலந்த தரவில் தமிழ் வாக்கியமும் எப்போதாவதுதான் எதிர்ப்படும். கணினி எவ்வளவு விரைவில் கற்றது என்று கேட்பவர்கள், அரிதாக வந்ததை எவ்வளவு கற்றது என்றும் அளக்க வேண்டும் என்பேன். நடைமுறையில் ஆடமும் அதன் வழிவந்தவையுமே இன்றும் கோலோச்சுகின்றன. ‘பைடார்ச்’ மென்பொருளின் ஆடத்தில் அந்த மூவரின் திருத்தம் ஒரு விருப்பத் தெரிவாக இருக்கிறது. பயன்படுத்துபவர் கேட்டு இயக்கினால்தான் அது வேலை செய்யும்.