எடை கூடினா ஹார்மோனா, சாப்பாடா? போடி மலையிலிருந்து ஒரு தைராய்டு பாடம்

இன்னைக்கு எபிசோடுல ஒரே கேள்விதான்: உடம்பு எடை கூடுறதுக்குக் காரணம் ஹார்மோனா, சாப்பாடா?

நம்ம வட்டத்துல இதுக்கு ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஜிம்முக்குப் போறவங்க, "எல்லாம் சாப்பாடுதான், வாயைக் கட்டு"ன்னு சொல்லுவாங்க. இன்னொரு குரூப், "எனக்குத் தைராய்டு, என்ன பண்ணாலும் குறையாது"ன்னு சொல்லும். ரெண்டுமே பாதி உண்மை. எப்படின்னு புரிய, உங்களை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். போடிநாயக்கனூர்.

போடின்னா ஏலக்காய். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துல விளையுற காய், நறுமணப் பொருள் வாரியத்தோட மின்னணு ஏலத்துக்கு எங்க ஊருக்கும் புற்றடிக்கும் வருது. அந்தத் தோட்டங்கள்ல காய் எடுக்கிற வேலைக்கு, எங்க பக்கத்துப் பெண்கள் விடியக்காலையிலேயே ஜீப் ஏறிடுவாங்க. 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு, அதுக்கப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை. சரிவுல ஏறி இறங்கி, செடியோட அடியில குனிஞ்சு நாள் முழுக்க வேலை.

எங்க சித்தியும் அப்படிப் போறவங்கதான். அவங்களுக்கு எடை ஏற ஆரம்பிச்சது. உட்கார்ந்தே இருக்கிற ஆள் இல்லையே! ஆனாலும் வீட்டுல எல்லாரும் சொன்னது, "சோத்தைக் குறை." உடம்பு அசதின்னாங்க. மலை வேலைன்னா அசதியாத்தான் இருக்கும்னாங்க. குளிருதுன்னாங்க. மலையில குளிராம என்ன பண்ணும்னாங்க. காலையில முகம் வீங்குச்சு, குரல் கரகரன்னு ஆச்சு, மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமாச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சமாதானம் இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சுத்தான் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு குறைவு.

தைராய்டு கழுத்துல இருக்கிற சின்ன சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்துல எரிபொருளைச் செலவழிக்கணும்ங்கிறதை இதோட ஹார்மோன்தான் தீர்மானிக்குது. டெஸ்ட் ரிப்போர்ட்ல வர்ற 'டி.எஸ்.எச்.' தைராய்டு ஹார்மோன் கிடையாது. அது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியோட குரல். தோட்டத்துக் கங்காணியை நினைச்சுக்கோங்க. வேலை மந்தமானா கங்காணி சத்தம் கூடும். தைராய்டு மந்தமானா டி.எஸ்.எச். கூடும். அதனாலதான் சுரப்பு குறைவா இருக்கிறவங்களுக்கு அந்த எண் அதிகமா வருது.

இது அபூர்வமான நோய் இல்லை. சென்னை உட்பட 8 நகரங்கள்ல 5,376 பேர்கிட்ட நடத்தி 2013-ல வெளியான ஆய்வுல, 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இப்போ முக்கியமான இடம். தைராய்டு குறைஞ்சா எடை எவ்வளவு கூடும்? பொதுவா 2-லிருந்து 5 கிலோ. அதுலயும் பெரும்பகுதி உடம்புல தேங்குற உப்பும் நீரும்தான், கொழுப்பு இல்லை. ஒருத்தருக்கு 15 கிலோ ஏறியிருந்தா, முழுப் பழியையும் தைராய்டு மேல போட முடியாது. அதே சமயம், முகம் வீங்கி, குளிர் தாங்காம, எந்திரிக்கவே முடியாம இருக்கிற ஒருத்தரைப் பார்த்து "சோம்பேறி"ன்னு சொல்றதும் அநியாயம்.

சித்திக்கு மாத்திரை ஆரம்பிச்சும் டி.எஸ்.எச். இறங்கலை. டோஸைக் கூட்டலாம்னு பேச்சு வந்தப்போ, ஒரு நர்ஸ் அக்கா மட்டும் கேட்டாங்க, "மாத்திரையை எப்பம்மா போடுறீங்க?" விடியக்காலையில மாத்திரை, அஞ்சு நிமிஷத்துல டீ, உடனே ஜீப். பிரச்சினை அங்கதான். தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேற எதுவும் சாப்பிடக் கூடாது. டீ, காபி கூடப் போனா மருந்து சரியா உடம்புல சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேணும். ஜீப்புக்கு ஓடுறவங்களுக்கு இது எப்படி முடியும்? டாக்டர் ஒரு வழி சொன்னாங்க: ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்போ போடுங்க. ரெண்டு மாசத்துல எண் இறங்குச்சு. எடையும் 4 கிலோ குறைஞ்சு, அங்கயே நின்னுடுச்சு.

மீதி? அது டீ கிளாஸ்ல இருந்தது. தினம் 6 டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டீக்கு 10 கிராம்னு வெச்சாலும் 60 கிராம், அதாவது 240 கலோரி. அசதியா இருந்ததாலதான் அத்தனை டீ. பாருங்க, ஹார்மோனும் சாப்பாடும் தனித்தனிக் கட்சி கிடையாது. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிடும். பட்டினி டயட்லயும் இதே கதைதான். 1994-ல கண்டுபிடிச்ச லெப்டின்னு ஒரு ஹார்மோன், உடம்புல கொழுப்பு போதுமா இருக்குன்னு மூளைக்குச் சொல்லும். சாப்பாட்டைத் திடீர்னு வெட்டினா லெப்டின் இறங்கும், பசி ஏறும். அது உங்க மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

கடைசியா உப்பு. தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். மலைப்பகுதி மண்ணுல இருக்கிற அயோடினை மழை கழுவிக் கொண்டுபோயிடும். அதனாலதான் இமயமலை அடிவாரத்துல கழுத்துக் கழலை அவ்வளவு பரவலா இருந்தது. 1956-ல மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழு காங்க்ரா பள்ளத்தாக்குல தொடங்கிய ஆய்வுதான், உப்புல அயோடின் சேர்த்தா கழலை குறையும்னு இங்க காட்டுச்சு. 1962-ல தேசியத் திட்டமே வந்தது. ஆனா 2018-19 ஆய்வுல, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தின வீடுகள் இந்தியாவுல 76.3 சதவீதம். தமிழ்நாட்டுல 61.9 சதவீதம். தூத்துக்குடியில உப்பு விளைவிக்கிற நம்ம மாநிலம்தான் கடைசி!

இப்போ சிட்டியில "ஹெல்த்தி"ன்னு இந்துப்பு, கல்லுப்புக்கு மாறுறவங்க இதை யோசிக்கணும். அயோடின் சேர்க்காத உப்புல நமக்குத் தேவையான அயோடின் கிடைக்காது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சிக்கே அது வேணும். இதுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும். பாக்கெட்டுல 'அயோடின் கலந்தது'ன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க.

காரணம் தெரியாம எடை கூடி, கூடவே அசதி, குளிர், மலச்சிக்கல், முடி கொட்டுறதுன்னு இருந்தா, டயட் சார்ட்டுக்கு முன்னாடி டி.எஸ்.எச். பாருங்க. நார்மல்னு வந்தா, தட்டையும் தூக்கத்தையும் கவனிங்க. எடை குறையணும்னு தைராய்டு மாத்திரையைத் தானா வாங்கிப் போட்டுடாதீங்க, இதயத்துடிப்பையே குழப்பிடும். வீட்டுல யாராவது மாத்திரை போடுறாங்கன்னா, இன்னைக்கே ஒரு கேள்வி கேளுங்க: "மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விடுறீங்க?"

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.