நாவும் சொல்லும்: மேனாட்டுப் பியர்ச் சுவைஞர்

பியர் என்ற சொல்லைத் தலைப்பிற் கண்டதும், குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானதே. மதுவினாற் சீரழிந்த குடும்பங்களை நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். ஆதலால் மதுவின் புகழ் பாடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகாது. ஆயினும், மறைந்தொழியும் நிலையிலிருந்த ஒரு பழந்தொழிலைச் சுவையறிந்த சாதாரண மக்கள் தம்முட் கூடிப் பேசியே மீட்டெடுத்தனர் என்பது வியப்புக்குரிய செய்தி. அவர்கள் எதைக் குடித்தார்கள் என்பதைக் காட்டிலும், குடித்ததைப் பற்றி எவ்வாறு பேசினார்கள் என்பதே நாம் அறியத்தக்கது.

பியர் பிறக்கும் வகை

வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளை கிளம்பியதும் சூட்டில் உலர்த்துவர். நம் வீடுகளிற் பயறு முளைக்கவைப்பது போன்றதே இது. உலர்ந்த தானியத்தை உடைத்து வெந்நீரிற் கலந்து வைத்தால் அதிலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறும். அவ்வினிய சாற்றை வடித்தெடுத்து, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களையிட்டுக் கொதிக்கவைப்பர். பியரின் கைப்பு அப்பூவினால் வருவது. ஆறிய பின்னர் ஈஸ்ற் எனப்படும் மதுவத்தைச் சேர்த்தால், அது வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் நுரைக்கும் வாயுவையும் உண்டாக்கும்.

1516 ஆம் ஆண்டிற் பவேரியா நாட்டிற் பிறந்த கட்டளையொன்று, வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றுமன்றி வேறெதுவும் பியரிற் சேர்தலாகாது என விதித்தது. மதுவத்தை அது குறிப்பிடவில்லை. மதுவம் செய்யும் தொழிலை அக்காலத்தார் அறியார். 19 ஆம் நூற்றாண்டிலேதான் லூயி பாஸ்ரர் அதனை விளக்கினார். 1883 இல் கோப்பன்ஹேகன் நகரத்துக் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் தூய மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தார்.

பொருள்கள் சிலவேயாயினும் அவற்றிலிருந்து எழும் சுவைகளோ பல. தானியத்தை மெல்ல உலர்த்தினால் பியர் பொன்னிறம் பெற்றுப் பாணின் மணம் வீசும். கருக வறுத்தால் நிறம் கறுத்துக் கோப்பியும் சொக்கலேற்றும் போன்ற சுவை தோன்றும். பவேரியாவின் கோதுமைப் பியர் சிலவற்றில் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். ஆனால் அவற்றில் வாழைப்பழமோ கராம்போ ஒரு துணுக்கேனும் சேர்வதில்லை. அவ்வகை மதுவமே அம்மணங்களுக்குக் காரணமான பொருள்களை ஆக்கிவிடுகின்றது. அமெரிக்காவில் விளையும் கஸ்கேட் என்ற ஹொப்ஸ் வகையோ தோடம்பழத் தோலை நினைவூட்டும் மணம் உடையது.

எங்கும் ஒரே சுவை

இத்துணை வேறுபாடுகளும் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பிரித்தானியாவில் ஊர்தோறும் இருந்த சிற்றாலைகளைப் பெரிய கம்பனிகள் வாங்கின. 1960 களில் ஆறு பெருங் கம்பனிகளே அந்நாட்டுப் பியர் வியாபாரத்தின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தன.

பழைய முறையில், தவறணையின் நிலவறையிலுள்ள பீப்பாவுக்குள்ளேயே பியர் மீண்டும் நொதித்துப் பதமடையும். அதனைத் திறந்தபின் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். பக்குவமறிந்த ஒருவர் நாள்தோறும் கவனிக்கவும் வேண்டும். புதிய முறையில், ஆலையிலேயே மதுவத்தை வடிகட்டி நீக்கிச் சூடாக்கி, உலோகக் கலத்தில் அடைத்து, வாயுவின் அழுத்தத்தால் வெளியேற்றினர். இது எளிதிற் கெடாது, நெடுந்தூரம் கொண்டு செல்லலாம், கவனிப்பாரும் வேண்டியதில்லை. வியாபாரிக்கு வசதியான இம்முறை பரவியதில் வியப்பில்லை. ஆனால் ஊருக்கு ஊர் வேறுபட்ட சுவை போய், எங்கும் ஒரே சுவை வந்துவிட்டது.

1971 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்து இளைஞர் நால்வர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு விடுமுறைப் பயணம் சென்றனர். மைக்கல் ஹாட்மன், கிரகம் லீஸ், பில் மெலர், ஜிம் மேக்கின் என்பன அவர் பெயர்கள். நல்ல பியர் அருகி வருவதைப் பற்றி அங்கே பேசிக்கொண்டவர்கள், தாமே ஒரு சங்கம் அமைத்தனர். கம்ரா என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் அச்சங்கம் இந்நால்வருடன் தொடங்கியது. பிற்காலத்தில் அதன் அங்கத்தவர் தொகை நூறாயிரத்தைத் தாண்டியது.

அவர்களுடைய ஆயுதம் எளியது. எந்த ஊரில், எந்தத் தவறணையில், பழைய முறைப்படி பதமாக்கிய பியர் கிடைக்கும் என்பதை அங்கத்தவர் தாமே சென்று பருகிப் பார்த்து எழுதியனுப்பினர். அக்குறிப்புகள் 1974 முதல் ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டி நூலாக வெளிவரலாயின. 1975 இல் லண்டன் கொவன்ற் கார்டனில் அவர்கள் நடத்திய கண்காட்சியும், 1977 இல் அலெக்சாந்திரா மாளிகையில் நடத்திய முதலாவது பெருவிழாவும், இச்சுவையை நாடுவோர் பலருளர் என்பதை வியாபாரிகளுக்கும் காட்டின.

வீட்டுச் சமையலறையிற் பிறந்த ஆலைகள்

அமெரிக்காவின் கதை வேறு. அங்கு 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையிலிருந்தது. விலக்கு நீங்கியபின் வீட்டில் வைன் செய்வதற்குச் சட்டம் இடமளித்ததேயன்றிப் பியர் காய்ச்சுவதற்கு இடமளிக்கவில்லை. 1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டமே அத்தடையை நீக்கியது. அந்நாளில் அப்பெரிய தேசம் முழுவதிலும் இருந்த பியர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவே.

அதே ஆண்டில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் சாள்ஸ் பப்பாசியன் என்பவரும் அவர் நண்பரும் வீட்டிற் பியர் காய்ச்சுவோருக்கென ஒரு சங்கம் தொடங்கினர். பப்பாசியன் பள்ளிக்கூட ஆசிரியர்; மாலை வேளைகளில் இக்கலையையும் கற்பித்து வந்தவர். வீட்டில் ஒரு பானையிற் காய்ச்சிப் பழகியவர்களே பிற்காலத்திற் சிற்றாலைகளின் அதிபராயினர். கலிபோர்ணியாவில் அத்தகைய சாமான்களை விற்கும் கடை நடத்திய கென் குறொஸ்மன், பாற்பண்ணைகள் கழித்த பழைய கலங்களை வாங்கித் திருத்தி, சியெரா நெவாடா ஆலையை நிறுவினார். அங்கு 1980 இல் முதற் பியர் காய்ச்சப்பட்டது. 1982 இற் போல்டரில் நடந்த முதலாவது மகா அமெரிக்கப் பியர் விழாவிற் பங்கெடுத்த ஆலைகள் இருபத்துச் சொச்சமே. 2023 ஆம் ஆண்டளவிலோ அந்நாட்டு ஆலைகளின் தொகை ஒன்பதாயிரத்துக்கு மேலாயிற்று.

சுவைக்கும் கூட்டம்

வீட்டிற் காய்ச்சியவருக்கு ஒரு குறை இருந்தது. தாம் செய்தது நன்றா தீதா என்பதைத் தாமே தீர்மானித்தல் அரிது. தம் கையாற் செய்தது எவருக்கும் இனிக்கும். ஆதலால் அவர்கள் போத்தல்களை ஒருவர்க்கொருவர் கொடுத்துப் பிறர் நாவின் தீர்ப்பை வேண்டினர். சுவைஞர் கூட்டம் என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

இக்கூட்டங்களில் ஒரு போத்தலை ஆறுபேர், எட்டுப்பேர் பகிர்ந்துகொள்வர். ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று அவுன்ஸ் மட்டுமே. மென்மையானது முதலிலும் வன்மையானது இறுதியிலும் வரும். வரிசை மாறினால் மென்சுவை நாவிற் படாது. இடையிடையே பாண் துண்டும் நீரும் உண்டு. மணம் விரைவில் அகன்றுவிடுமாதலால், பருகுமுன் முகர்ந்து பார்ப்பர். போட்டிகளில் யார் காய்ச்சியது என்பதை மறைத்தே நடுவர்முன் வைப்பர். நடுவரும் முதலில் எழுதுவர், பின்னரே பேசுவர். ஒருவர் “வாழைப்பழ மணம்” என்று வாய்விட்டால் மற்றவர்க்கும் அம்மணமே தோன்றிவிடும் என்பது அனுபவம்.

1985 இல் அமெரிக்காவில் இதற்கெனப் பரீட்சை வைத்து நடுவரைத் தெரிவுசெய்யும் ஏற்பாடும் உண்டாயிற்று. அவர்கள் இடும் புள்ளிகள் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயிற்படும் உணர்வுக்கு 5, முழு மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பதை மாணாக்கர் நோக்குக! அழகிய லேபலும் பளபளக்கும் நிறமும் அங்கே அதிகம் செல்லா.

சொல்லின் பயன்

“நன்று”, “நன்றன்று” என்ற இரு சொற்களால் ஒரு தொழில் திருந்தாது. குற்றம் இன்னதென்று சொன்னாலன்றோ காரணத்தைத் தேடலாம்? 1970 களில் டென்மார்க்கிற் பிறந்த மோர்ட்டன் மயில்காட் என்ற ஆய்வாளரும் அவருடன் உழைத்தோரும் பியரின் மணங்களையும் சுவைகளையும் பிரித்துப் பெயரிட்டு, ஒரு சக்கரமாக வரைந்தனர். எந்த நாட்டார் சுவைத்தாலும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்க அது வழிசெய்தது.

அதன் பயனைச் சில உதாரணங்களாற் காணலாம். வெண்ணெய் மணம் வீசினால், மதுவம் தன் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டிருக்கலாம். அவித்த சோளத்தின் மணம் வந்தால், கொதிக்கவைத்தது போதாமல் இருக்கலாம். நனைந்த காட்போட் மட்டையின் சுவை, காற்றுப்பட்டுப் பழசானதைக் காட்டும். ஒருவகை விலங்கின் துர்நாற்றம் எழுந்தால், வெளிச்சம் பட்டு ஹொப்ஸின் கைப்புப் பொருள் சிதைந்தது என்பது பொருள். பியர்ப் போத்தல்கள் பெரும்பாலும் தவிட்டு நிறமாயிருப்பதன் காரணமும் இதுவே. நோய்க்குப் பெயரறிந்த வைத்தியன் மருந்தைத் தேடுவதுபோல, குற்றத்துக்குப் பெயரறிந்தவன் அடுத்தமுறை திருத்திக்கொள்கிறான்.

இச்சொல்வளத்தை எளிய வாசகருக்கும் எட்டச் செய்தவர் மைக்கல் ஜக்சன். பாடகர் அல்லர், அதே பெயருடைய ஆங்கிலப் பத்திரிகையாளர். 1942 இற் பிறந்து 2007 இல் மறைந்த அவர், 1977 இல் வெளியிட்ட நூலில் உலகப் பியர்களை வகைவகையாகப் பிரித்து விளக்கினார். எவருங் கவனியாத சிற்றூர் ஆலைகளையும் தேடிச்சென்று எழுதுவது அவர் வழக்கம். அவ்வழக்கம் அவரை எங்கள் நுவரெலியாவுக்கும் அழைத்து வந்தது.

நைல் நதியின் மூலத்தைத் தேடிச்சென்று பின்னாளிற் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840 களின் இறுதியில் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை அமைத்தவர். அங்கே பியர் காய்ச்சும் தொழிலைத் தொடங்கியவரும் அவரே என்பர். அம்மலைநகரில் வளர்ந்த தொழிலின் வழிவந்த லயன் ஸ்டவுட் என்னும் கரிய பியரை ஜக்சன் சுவைத்துப் போற்றி எழுதினார். வெப்ப நாடொன்றில் இத்துணை அடர்ந்த கரும்பியர் கிடைப்பது மேனாட்டுச் சுவைஞருக்குப் புதுமையாயிற்று. அவர்கள் அதனைத் தேடி வாங்கலாயினர். ஒரு மனிதரின் நாவும் எழுதுகோலும் நம் மலைநாட்டுச் சரக்கொன்றைக் கடல் கடந்து அறிமுகஞ் செய்தன.

மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். சுவையறிதல் என்ற பெயர், குடிக்கு ஒரு கௌரவப் போர்வையாகிவிடுதலும் உண்டு. புதுமையைத் தேடுவோர் மேன்மேலும் வன்மையான வகைகளை நாடினர். சாதாரணப் பியரில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து வீதமளவில் இருக்க, பத்தையும் கடந்த வகைகள் பெருகின. சிறு குவளைகளும் பல சேர்ந்தால் பெருங்குவளையே. உடல்நலத்துக்கு ஊறு செய்யாத அளவு என்று மதுவில் எந்த அளவையும் கூற இயலாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 சனவரியில் அறிவித்தது. எங்கள் நாட்டில் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கின்றது.

தொழிலின் வெற்றியும் நிலையானதன்று. சிற்றாலைகள் பெயர்பெற்றதும் பெருங்கம்பனிகள் அவற்றை வாங்கத் தலைப்பட்டன. சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 2011 இல் அவ்வாறு கைமாறியது. சான் பிரான்சிஸ்கோவின் அங்கர் ஆலை மூடப்படும் தறுவாயில் இருந்தபோது, 1965 இல் அதனை வாங்கிக் காத்தவர் பிறிற்ஸ் மேய்ராக் என்ற இளைஞர். அமெரிக்கச் சிற்றாலைகளுக்கெல்லாம் முன்னோடியாய் விளங்கிய அவ்வாலை 2017 இல் யப்பானியக் கம்பனியொன்றின் வசமாகி, 2023 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் வேறொருவர் அதனை வாங்கினார். ஒருமுறை காத்த பொருளை மறுமுறையும் காக்க வேண்டியிருக்கிறது.

நமக்குரியது எது?

பியர் நமக்கு வேண்டியதில்லை. அதனைச் சுவைத்தோர் கைக்கொண்ட முறை வேண்டியது. அறுசுவை என்று வகுத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. ஆனால் இரண்டு ஊர்ப் பனங்கட்டிகளுக்கிடையே உள்ள வேற்றுமையைச் சொல்லென்றால் நம்மிற் பலர் “இது திறம்” என்பதோடு நின்றுவிடுவோம். எதனால் திறம், எந்த மணத்தால், எந்தப் பக்குவத்தால் என்பதைச் செய்பவரிடம் எடுத்துச்சொல்வாரில்லை. சொல்வாரில்லாதபோது அவர் மலிவானதையே செய்வார்.

அடுத்த விடுமுறை நாளில், கறுத்தக்கொழும்பான் முதலாக நான்குவகை மாம்பழங்களையோ, நான்கு கடைகளின் பனங்கட்டியையோ பெயர் மறைத்துத் தட்டுகளில் வைத்து, வீட்டார் அனைவரும் சுவைத்துப் பார்க்கலாம். பேசுமுன் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தாளில் எழுதட்டும். பாட்டியார் எழுதியதையும் பேரப்பிள்ளை எழுதியதையும் பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டியாருக்குத் தெரிந்த சுவைச்சொற்களிற் பல பேரப்பிள்ளை கேட்டறியாதனவாக இருக்கும். அவற்றை அன்றே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.