வேனிலும் வண்டியின் தண்மையும்

பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிய பொழுதுகளாக வகுத்தார் தொல்காப்பியனார். அப்பொழுதில் வழிச்செல்வோர் உறும் துன்பத்தை நம் புலவர் பலபடப் பாடியுள்ளனர். இக்காலத்தாரோ கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு, குளிர்சாதனம் பூட்டிய மோட்டார் வண்டியில் அப்பாலையைக் கடக்கின்றனர். ஆயினும், வெயில் மிகக் கடுமையாகும் வேளையிலேயே அச்சாதனம் குளிர்ச்சி ஒழிந்து வெப்பக் காற்றை வீசுவதும் உண்டு. வேண்டிய வேளையில் அது கைவிடுவது ஏன்? தமிழ் பயிலும் யான் இதனை ஆராயப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற மே மாதத்தில், 80 வயது நிரம்பிய என் பாட்டியாரைக் கண் மருத்துவத்தின்பொருட்டுத் திருநெல்வேலியினின்றும் மதுரைக்கு எங்கள் பழைய காரில் அழைத்துச் சென்றோம். புறப்படுமுன் பட்டறை ஒன்றில், 'காஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லி இருமுறை நிரப்பியிருந்தனர். நெடுஞ்சாலையில் வண்டி விரைந்து ஓடியவரை உள்ளே தண்மைக்குக் குறைவில்லை. கோவிற்பட்டியை அணுகுங்கால், ஒரு லாரி கவிழ்ந்து சாலை அடைபட்டமையால் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தது. நின்ற சில நிமிடங்களில் அனற்காற்று வீசத் தொடங்கிற்று. பாட்டியார் மயங்கிச் சாய்ந்தார். அவரைச் சாலையோரத்துப் புளியமர நிழலில் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து விசிறினோம். சற்று நேரத்தில் தெளிந்தார். வழி திறந்து வண்டி மீண்டும் ஓடியதும் குளிர்ச்சியும் மீண்டது! ஓடினால் குளிர், நின்றால் வெப்பம். இப்புதிரை அவிழ்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். குளிர்ச்சி என்பது ஆக்கப்படும் பொருள் அன்று. வெப்பம் நீங்கிய நிலையே குளிர்ச்சி. ஆதலின், குளிர்சாதனம் குளிரைப் படைப்பதில்லை. வண்டியினுள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்துசென்று வெளியே கொட்டுகின்றது. இதற்கு நம் வீட்டு மண்பானையே சான்று. பானையின் நுண்டுளைகளில் கசியும் நீர் ஆவியாகுங்கால், அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய நீரினின்றும் கவர்ந்து செல்கின்றது. உள்ளிருக்கும் நீர் தண்ணென்று ஆகின்றது. இன்று ஓடும் கார்கள் பலவற்றில் இத்தொழிலைச் செய்வது ஆர்-134ஏ என்னும் பொருளாகும். அது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுழிக்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்பினது. வண்டியின் உட்பக்கத்துக் குழாய்களில் அது ஆவியாகும்பொழுது, அவற்றின்மேல் வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது.

ஆனால் பானைக்கும் வண்டிக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பானை நீரின் ஆவி காற்றோடு கலந்து போய்விடும். அதனை எவரும் மீட்பதில்லை. வண்டியில் உள்ள ஆவியோ மூடிய குழாய்களுள் சுற்றிவருவது; மீண்டும் திரவமானாலன்றி அடுத்த சுற்றுக்கு உதவாது. திரவமாக வேண்டின், தான் ஏற்ற வெப்பத்தை வெளிக்காற்றில் இறக்கிவிட வேண்டும். வெப்பமோ மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்துக்கே தானாகப் பாயும். எனவே, கம்ப்ரஸர் என்னும் பொறி அவ்வாவியை அழுத்தி, வெளிக்காற்றினும் மிக்க வெப்பமுடையதாக்கி, ரேடியேட்டருக்கு முன்னிருக்கும் கண்டென்ஸரினுள் செலுத்துகின்றது. அப்பொருள் 40 டிகிரியில் திரவமாவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு அழுத்தம் போதும். 60 டிகிரியிலாயின் சுமார் 17 மடங்கு வேண்டும். வெயில் ஏற ஏற இப்பொறியின் சுமையும் ஏறுவது இதனாலேயே. வறண்ட வெங்காற்றுப் பானைக்கு நண்பன், வண்டிக்கோ பகைவன்.

இனிப் புதிரை அவிழ்ப்போம். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்ஸரின் வெப்பத்தை வாரிச் செல்லும். நின்ற வண்டிக்கு மின்விசிறி ஒன்றே துணை. அவ்விசிறி சுழலாதொழியினும், தூசியும் பூச்சிகளும் கண்டென்ஸரை அடைப்பினும், வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் எல்லை மீறும். உடனே காவற்கருவி கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உள்ளே காற்று வீசுவது மட்டும் நில்லாது. அதுவே நாங்கள் உணர்ந்த அனற்காற்று.

மதுரையில் ஒரு முதிய மெக்கானிக் வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஏ.சி.யை ஓடவிட்டு, விசிறியையே நோக்கி நின்றார். அது அசையவில்லை. அதற்கு மின்சாரம் விடும் சிறு ரிலே பழுதாகியிருந்தது. அதனை மாற்றி, கண்டென்ஸரை மெல்லிய நீரால் கழுவி, மிகையாக இருந்த காஸையும் கருவிகொண்டு எடுத்தார். 'காஸ் பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று, தம்பி. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக்குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது' என்றார். அளவு மிகினும் தீங்கே; மிகுந்த திரவம் கண்டென்ஸரில் தேங்கி, அழுத்தத்தை மேலும் ஏற்றும். அன்றியும், கசியும் ஆர்-134ஏ, அதே எடையுள்ள கரியமிலவாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. வெயிலுக்கு அஞ்சி நாம் நிரப்புவது உலகின் வெயிலை வளர்க்கின்றது!

ஆகவே நோய்க்கேற்ற மருந்தை நாடுக. நின்றபொழுது மட்டும் குளிர்ச்சி கெடின், விசிறியையும் கண்டென்ஸரையும் முதலில் பார்க்க. ஓடும்பொழுதும் குளிராதாயின், கசிவையோ கம்ப்ரஸரின் பழுதையோ ஐயுறுக. காற்றே மெலிந்து வருமாயின், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். உட்குழாய்களில் பனிக்கட்டி படிந்திருத்தலும் கூடும். வெயிலில் நிறுத்திய வண்டி முதற்சில நிமிடங்கள் குளிராமை பழுதன்று. கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி, உள்வெப்பம் போனபின் அடைக்க.

பாட்டியார் கண் தெளிந்து அதே வண்டியில் ஊர் திரும்பினார். முதியோரையும் குழவிகளையும் கோடையில் அழைத்துச் செல்வோர், புறப்படுமுன் வண்டியை நிறுத்தியபடியே ஏ.சி.யை ஓடவிட்டு, அவ்விசிறி சுழல்கின்றதா என்று ஐந்து நிமிடம் நோக்குக. யாங்கள் அதனை நோக்கியிருப்பின், அப்புளியமர நிழலை நாட நேர்ந்திராது.