முந்திரிக்காட்டில் ஒரு மருத்துவப் பாடம்

ஆண்டிமடத்து முந்திரிக்காட்டில், சருகுகளுக்கிடையே கொட்டை பொறுக்கும் கையைப் பாம்பு தீண்டினால் அங்கே மருத்துவர் யார்? அருகில் நிற்பவரே! மருத்துவமனை இல்லாத இடத்தில், கிடைத்ததைக் கொண்டு உயிர் காப்பதும் ஒரு மருத்துவக் கலையே.

கடிவாயைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, குச்சியும் துண்டும் கொண்டு கையை அசையாமல் கட்டி, உடனே தூக்கிச் செல்லுங்கள். பாம்பை அடிக்கவோ, ஓதிப் பார்க்கவோ தாமதிக்காதீர்கள். துஆவை வழியிலேயே கேட்கலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து ஒன்றே. அதை மருத்துவமனையில்தான் ஏற்ற முடியும்.

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மாணவர்கள் இப்பாடத்தை முந்திரிக்காட்டிலேயே பயின்றால், உடன் நிற்கும் கூலித் தொழிலாளரும் கற்றுக்கொள்வர் அன்றோ?