முதல் இடி கேட்டதும் வேலையை நிறுத்துங்கள்!

2025-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாள். கடலூர் மாவட்டம், வேப்பூர் அருகேயுள்ள கழுதூரில் மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த 4 பெண்கள் மின்னல் தாக்கி இறந்துபோனார்கள்.

ஆண்டுதோறும் இப்படிச் செய்திகள் வருகின்றன. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் மின்னலுக்குப் பலியானவர்கள். இறப்பவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். களை எடுத்தவர்கள், நாற்று நட்டவர்கள், ஆடு மேய்த்தவர்கள்.

இதில் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். மின்னல் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது. ஆனால் ‘இன்னும் நாலு வரிசைதான் பாக்கி, முடிச்சிட்டுப் போயிடலாம்’ என்ற நினைப்பு ஆளை வயலிலேயே நிறுத்திவிடுகிறது.

மழைக்கு முன்பே மின்னல் வரும்

தமிழ்நாட்டில் இடிமழைக்கு இரண்டு முக்கியக் காலங்கள் உண்டு. ஒன்று, சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழை. மற்றொன்று, ஐப்பசியை ஒட்டி வரும் பருவமழைத் தொடக்கம். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். பிற்பகலில் சூடான ஈரக்காற்று மேலே கிளம்பி, காலிஃப்ளவர் பூப்போல மேகம் திரளும். அதன் உச்சியில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்சாரம் சேரும். மதியம் 2 மணிக்கு மேல் வானம் கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால் மேகம் அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

‘மழை வந்தால் கிளம்பலாம்’ என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் ஆபத்து உண்டு.

தூரத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. மின்னல் தெரிந்த நொடியிலிருந்து இடிச்சத்தம் கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி 1 கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் வயலிலேயே விழலாம். எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடி காதில் விழுந்தாலே கிளம்பிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழித்துத்தான் திரும்பவும் வயலில் இறங்க வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக நிறத்தில் எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். அடுத்த 3 மணி நேரத்தில் எந்தெந்த மாவட்டங்களில் இடிமழை வரும் என்ற குறுகிய கால அறிவிப்பும் வெளியாகிறது. மஞ்சள்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஓர் ஆளைக் கொல்ல ஒரு மின்னல் போதும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 மற்றும் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். சிக்னல் கிடைக்காத காட்டில் கண்ணும் காதும்தான் செயலி.

முடிவு எடுக்க வேண்டியது வேலை கொடுப்பவர்

கூலிக்கு வந்தவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுக் கிளம்பத் தயங்குவார்கள். அரை நாள் கூலி போய்விடுமோ, நாளைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். எனவே, ‘கிளம்புங்கள்’ என்ற சொல் நிலத்துக்காரர் வாயிலிருந்தோ, ஆள் கூட்டி வந்தவர் வாயிலிருந்தோதான் முதலில் வரவேண்டும்.

காலையில் வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். இடி கேட்டால் யார் குரல் கொடுப்பது, எந்தக் கட்டடத்துக்குப் போவது, அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது. மூன்றாவதைச் சொல்லாவிட்டால் முதல் இரண்டும் பலிக்காது. மஞ்சள் எச்சரிக்கை உள்ள நாளில் காலை 6 மணிக்கே தொடங்கி, மதியத்துக்குள் முடித்துக்கொண்டால் நஷ்டமே இல்லை.

நடந்து போக 15 நிமிடம் ஆகும் வயல் என்றால், அதற்கேற்ப முன்னதாகவே கிளம்ப வேண்டும். காங்கிரீட் கூரை போட்ட, நான்கு பக்கமும் சுவர் உள்ள வீடு, பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் பாதுகாப்பானவை. கண்ணாடியை ஏற்றிவிட்ட கார், வேன், பேருந்து ஆகியவையும் பாதுகாப்பானவையே. கீற்றுக் கொட்டகை, பரண், தார்ப்பாய்ப் பந்தல், டிராக்டர், பைக் எதுவும் உதவாது.

மரத்தடி ஏன் கூடாது?

உயரமான மரத்தில் இறங்கும் மின்னல், அருகில் நிற்கும் ஆள்மீது தாவும். அதோடு, வேரைச் சுற்றியுள்ள ஈர மண்ணில் பரவி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். ஒரே புளியமரத்தடியில் நிற்கும் ஐந்து பேரும் ஒன்றாக விழுவது இதனால்தான். தண்ணீர் நிற்கும் நடவு வயல், கிணற்று மேடு, ஏரிக்கரை, கம்பிவேலி ஆகியவற்றை விட்டும் விலகுங்கள். வேலியின் ஒரு முனையில் விழும் மின்னல் மறு முனையில் நிற்பவரையும் தாக்கும்.

எங்கும் போக வழியில்லாமல் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால், தாழ்வான, தண்ணீர் இல்லாத இடத்தில் இரண்டு பாதங்களையும் சேர்த்து, தலையைக் குனிந்து குந்துங்கள். படுக்காதீர்கள். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் பல அடி தள்ளிப் போங்கள். இது கடைசி வழிதான். முழுப் பாதுகாப்பு தராது.

ஆடு, மாடுகள்

மாட்டின் முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால், தரையில் பரவும் மின்சாரம் அதன் உடல் வழியாக, இதயத்தைக் கடந்து பாயும். 2016-ல் நார்வே நாட்டு மலைப்பகுதியில் ஒரே இடிமழையில் 323 துருவ மான்கள் செத்துக்கிடந்தன. எச்சரிக்கை உள்ள நாளில் மேய்ச்சலைப் பிற்பகலுக்கு முன்பே முடித்துத் தொழுவத்தில் கட்டுங்கள். தனி மரத்திலோ, கம்பிவேலியிலோ, இரும்புக் குழாயிலோ கட்டாதீர்கள். இடி தொடங்கிய பிறகு மாட்டை அவிழ்க்க ஓடாதீர்கள். மாடு போனால் இன்னொன்று வாங்கலாம்.

அடிபட்டவரைத் தொடலாம்

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. பயப்படாமல் தொட்டுத் தூக்கலாம். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பலர் விழுந்திருந்தால், அசைவில்லாமல் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நின்ற இதயத்தை உடனே அழுத்தினால் அவரையும் மீட்க முடியும்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

*மோட்டார் ரூமுக்குள் நிற்கலாமா?*

காங்கிரீட் கூரையும் கதவும் இருந்தால் வெளியில் நிற்பதைவிட மேல். ஆனால் ஸ்டார்ட்டர், ஒயர், தண்ணீர்க் குழாய் எதையும் தொடக்கூடாது, சுவரில் சாயவும் கூடாது. மோட்டாரை நிறுத்த வேண்டுமானால் இடி நெருங்கும் முன்பே நிறுத்துங்கள். தகரக் கொட்டகையாகவோ, பக்கம் திறந்ததாகவோ இருந்தால் அங்கே போகாதீர்கள்.

*ரப்பர் செருப்பு காப்பாற்றுமா? செல்போன் மின்னலை இழுக்குமா?*

இரண்டும் இல்லை. வானத்திலிருந்து பல கிலோமீட்டர் தாண்டி வரும் மின்னலுக்கு அரை அங்குல ரப்பர் தடையே அல்ல. செல்போன் மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜரில் மாட்டியபடி பேசுவது ஆபத்து.

*பனைமரம் மின்னலைத் தாங்கும் என்கிறார்களே?*

உயரமான பனை, மின்னலைத் தன்மீது வாங்கிக்கொள்ளும். அதற்காகவே ஒடிசா அரசு பனை நடும் திட்டத்தைக் கையில் எடுத்தது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் பனை நடுவது நல்லதுதான். ஆனால் மின்னலை வாங்கும் அதே காரணத்தால், இடி நேரத்தில் அதன் அடியில் நிற்கக்கூடாது.

*ஆளோ மாடோ இறந்தால் நிவாரணம் உண்டா?*

உண்டு. கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கால்நடை என்றால் புதைப்பதற்கு முன்பு கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில அளவில் 1070.

இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்லிப் பாட்டிமார் பழக்கினார்கள். சொல்லுங்கள், தவறில்லை. வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு சொல்லுங்கள். பாக்கி நாலு வரிசையை நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.