குழந்தைகளுள்ள வீட்டிற்கு ஏற்ற நாய்

கல்வராயன் மலையில் ஆட்டுப்பட்டிக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும், கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கரும்புத் தோட்டத்திற்கும் நாயே காவல். இரவில் காவல் காக்கும் அதே நாய்தான் பகலில் திண்ணையில் குழந்தைகளின் நடுவே படுத்துக் கிடக்கிறது. ஆகையால் பட்டிக்கு நாய் தேடும் குடியானவர், தம் குழந்தைகளையும் மனத்திற்கொண்டே தேட வேண்டும்.

பெயர்பெற்ற சாதி நாயை விலை கொடுத்து வாங்கும் விருப்பம் இப்பொழுது பெருகி வருகிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் நாட்டுக்குப் பெருமை தருவனவே. 2005-ம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையம் நாயின் உருவத்துடன் தபால் தலையும் வெளியிட்டது. ஆயினும் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். ஆட்டுக்குட்டியும் கோழியும் சிறுவர்களும் ஓடியாடும் குறுகிய முற்றத்தில் அவற்றைச் சங்கிலியிட்டு வைத்தல் எவருக்கும் நன்றன்று. கோம்பை நல்ல காவல் நாய், அந்நியரிடம் கடுமையானது. வெள்ளை நிற இராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. உறங்கும் செவிட்டு நாயைக் குழந்தை தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். ஆதலால் வாங்குமுன் குட்டியின் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்துக் கொள்க.

மலைக் குடியானவர் ஒருவர், இனாமாகக் கிடைத்த சாதிக் குட்டியை மறுத்துவிட்டு, பக்கத்து வீட்டு நாட்டு நாயின் குட்டியை எடுத்துக் கொண்டார். காரணம் வினவியபோது, "இதன் தாயை ஆறு வருஷமாய்த் தெரியுமுங்க, ஐயா. பிள்ளைகள் மேலே விழுந்து புரண்டாலும் உறுமாது" என்றார். யான் இதுவரை கேட்ட யோசனைகளில் இதுவே சிறந்தது. குட்டியின் நிறத்தையும் வாலையும் பார்ப்பதைவிடத் தாயின் சுபாவத்தைப் பார்ப்பதே பயன் தரும்.

எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை அது மனிதரோடு பழகுங் காலம். அப்பொழுது அன்பாகக் கையாளப்பட்ட குட்டியே பின்னர்க் குழந்தைகளிடம் அடங்கி நடக்கும். மூலையில் ஒடுங்குவதையும், எடுத்தவுடன் சீறுவதையும் விலக்குக. நாயின் குடற்புழு குழந்தைகளுக்கும் தொற்றுமாதலால் குட்டிக்குப் புழு மருந்து கொடுத்தல் அவசியம். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை வைத்தியர் கூறும் காலத்தில் மறுபடியும் போட வேண்டும். இதைச் செய்ய இயலாதவர் நாய் வளர்க்காதிருப்பதே மேல்.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடலாகாதென்று குழந்தைகளுக்குப் பழக்குக. சிறு குழந்தையை நாயோடு தனியே விடற்க.

வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தவர் மிக அரியர். ஆகையால் கடித்தாலும் பிராண்டினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் முதலியவற்றைத் தடவாதீர். மலையினின்று ஆஸ்பத்திரி தூரமாயினும் அன்றே சென்று ஊசி போட்டுக் கொள்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணமில்லை. திட்டுக்கு அஞ்சிப் பிள்ளைகள் நாய் பிராண்டியதை மறைப்பதுண்டு. அடிக்காமல், நயமாகக் கேட்டறிக.