பெட்டியும் முதலீடுதான்

கணினியை உதிரி பாகங்களாக வாங்கிப் பொருத்துவோர், செயலிக்கும் நினைவகத்துக்கும் தாராளமாகச் செலவிட்டு, அவற்றைத் தாங்கும் பெட்டியில் சிக்கனம் காட்டுகின்றனர். பொருளாதாரம் கற்பித்த நானும் அத்தவறைச் செய்தேன். முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த மலிவான பெட்டியை வாங்கினேன். காற்று உட்புக வழியில்லை. சென்னையின் மே மாத வெயிலில், பேத்தி கல்லூரி ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, வெப்பம் தாளாமல் கணினி அணைந்தது. சேமிக்காத பக்கங்கள் அனைத்தும் மறைந்தன. மிச்சப்படுத்திய சில நூறு ரூபாயின் உண்மையான விலை அன்றுதான் புரிந்தது.

பெட்டி வாங்குமுன் தாய்ப்பலகையின் அளவை அறிய வேண்டும். 1995-ஆம் ஆண்டில் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் பலகை 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது, மினி ஐடிஎக்ஸ் பலகையோ 170 மி.மீ. சதுரம்தான். பெரிய பெட்டியில் சிறிய பலகையைப் பொருத்தலாம். சிறியதில் பெரியது பொருந்தாது. வரைகலை அட்டையின் நீளத்துக்கும், செயலிக் குளிர்விப்பானின் உயரத்துக்கும் இடமுண்டா எனவும் பார்க்க வேண்டும். வலைக்கண் முகப்பு, காற்றை உள்ளிழுக்கும் 120 அல்லது 140 மி.மீ. முன்விசிறிகள், வெப்பத்தை வெளியேற்றும் பின்விசிறி, கழற்றித் துடைக்கத்தக்க தூசு வடிகட்டி ஆகியவை நமது தட்பவெப்பத்துக்கு இன்றியமையாதவை.

செயலி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அளவுத் தரம் நீடிப்பதால், நல்ல பெட்டி அடுத்தடுத்த தலைமுறைப் பாகங்களையும் தாங்கும். விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்பது விளங்கும். பேத்தியின் கணினி இப்போது வலைக்கண் பெட்டியில் இயங்குகிறது. அழகு சற்றுக் குறைவுதான். ஆனால், அடுத்து வந்த மே மாதத்தில் அது ஒருமுறைகூட அணையவில்லை.